கரையிலிருந்து களம் வரை

சைக்கிள் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள், பெரும்பாலும் ஏதேனும் ஒரு பந்தயத்தையோ ஒரு கோப்பையையோ எடுத்துக்கொண்டு அதற்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் தார்ச் சாலை, வட்டக் களம், செம்மண் தடம், இரவு நெடும்பயணம் என்று வெவ்வேறு துறைகளில் மாறி மாறி மிதித்து, இடையிடையே மீன்பெட்டி சுமந்தும் பஞ்சர் ஒட்டியும் ஜீவனம் நடத்திய என் போன்றவனுக்கு, அத்துறைகளுக்கு நடுவே இருப்பதாகச் சொல்லப்படும் சுவர்கள் அவ்வளவு உயரமானவையாக ஒருபோதும் தோன்றியதில்லை. ஒரு துறையில் சரீரம் கற்றுக்கொண்டது மற்றொரு துறையில் எவ்விதம் கைகொடுக்கிறது என்பதே இத்தொழிலில் நான் கண்ட பெரிய விசேஷம்.

எங்கள் வைத்திக்குப்பம் புதுவை நகரின் வடபகுதியில் கடலை ஒட்டியுள்ள மீனவர் குடியிருப்பு. மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கரை என்ற அளவில் வெளியூரார் அதனை அறிவர். எனக்கோ அது சைக்கிளின் ஆரம்பப் பாடசாலை. என் தகப்பனார் கடலுக்குப் போகவில்லை. விடியுமுன் கரை சேரும் கட்டுமரங்களிலிருந்து ஏலத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பின் கேரியரில் பெட்டியை ரப்பர் நாடாவால் இறுக்கிக் கட்டி, வில்லியனூர் தாண்டியும் உள்ள கிராமங்களுக்குக் கொண்டுபோய், வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்க்க வேண்டிய வியாபாரம் அவருடையது. வெயில் ஏறினால் மீன் கெடும். ஆகவே கடிகாரத்தோடு போட்டியிட்டு ஓட்டும் வித்தையை நான் முதன்முதலில் பார்த்தது பந்தயத்தில் அன்று, அவருடைய மீன் வியாபாரத்தில்தான்.

அந்தச் சைக்கிளின் கணக்கை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அக்காலத்து இருபத்தெட்டு அங்குலச் சக்கர வண்டியில் முன்புறப் பல்சக்கரத்துக்கு 44 பல்லும் பின்புற ஃப்ரீவீலுக்கு 18 பல்லும் இருப்பது வழக்கம். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். பந்தயச் சைக்கிளில் 52க்கு 14 என்று பூட்டினால் அதே ஒரு சுற்றுக்கு ஏழே முக்கால் மீட்டர் போகலாம். மேடு வந்தால் கியரை மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். தகப்பனாருக்கு மாற்ற ஒன்றுமில்லை. பெட்டியின் பாரம், எதிர்க்காற்று, பாலத்து ஏற்றம் ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரே பல்கணக்கைக் கொண்டே சமாளித்தாக வேண்டியிருந்ததால், காலை வேகமாகச் சுழற்ற வேண்டிய இடம் எது, நின்று மிதிக்க வேண்டிய இடம் எது, மிதிப்பதை விட்டு வண்டியை அதன் போக்கில் விட வேண்டிய இடம் எது என்ற நிதானம் அவர் உடம்பில் ஊறியிருந்தது. நான் குரங்குப் பெடல் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த பிராயத்திலேயே, அவர் பின்னால் போய் அவர் கால்களைப் பார்த்து அந்த நிதானத்தைப் படித்தேன். பிற்காலத்தில் பயிற்சியாளர்கள் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று எண்ணிச் சொன்னபோது, அது எனக்குப் புதிய சாஸ்திரமாக இருக்கவில்லை.

மணலும் கற்பித்தது. கரையிலிருந்து தெருவுக்கு வரும் வரை சக்கரம் புதையும். பாரமில்லாத வேளையில் சைக்கிளின் பாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுவோம். ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சேற்றிலும் மணலிலும் நடக்கும் சைக்ளோகிராஸ் என்னும் பந்தயத்தில், ஓடும் வண்டியிலிருந்து குதித்து, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேடேறி, மறுபடி தாவி உட்கார்வது ஒரு பிரதானமான சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது என்று வெகுகாலம் கழித்து அறிந்தபோது, எங்கள் கரைப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த அப்பியாசத்தைக் காசில்லாமல் செய்து வந்தவர்களே என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று. மீனவர் தெருவில் பிறந்தவனுக்கு வாடையும் கொண்டலும் கச்சானும் சோழகமும் பஞ்சாங்கத்தில் படித்துத் தெரிய வேண்டியவை அல்ல. "காத்தோட சண்டை போடாதடா, எந்தப் பக்கம் வருதுன்னு காது சொல்லும், அந்தப் பக்கம் தலையக் குனி, மிச்சத்தக் காலு பாத்துக்கும்" என்பார் தகப்பனார். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுடைய பிரயாசையில் மிகப் பெரும் பங்கு காற்றை விலக்குவதற்கே செலவாகிறது. வேகம் கூடக்கூட அந்தத் தடை வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. ஆதலால்தான் பந்தயக்காரர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக ஒட்டிச் செல்கிறார்கள். ஆனால் பக்கக் காற்று வீசும்போது நேர் பின்னால் ஒளிந்து பயனில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிற்பகல் கொண்டலில் வடக்கு நோக்கிப் போகிறவனுக்குக் கடல் வலப்புறம், காற்றும் வலப்புறம். முன்னால் போகிறவனுக்கு இடப்பக்கம் சற்றுப் பின்தங்கி நிற்பவனே நிழல் பெற்றவன். அவனுக்கு இடப்பக்கம் இன்னொருவன். இப்படி விசிறி விரித்தாற்போல் வரிசை சாய்ந்துகொண்டே போய்ச் சாலையின் விளிம்பில் முடியும். அந்த விளிம்புக்கு அப்பால் தள்ளப்பட்டவனுக்கு நிழல் இல்லை. சிறிது நேரத்தில் அவன் அறுந்து பின்தங்குவான். என்னைவிடக் காலில் பலம் மிகுந்த இளைஞர்கள் எத்தனையோ பேர் அவ்விதம் அறுந்து போனதைக் கண்டிருக்கிறேன். காற்று திரும்பப் போவதைக் கன்னத்தில் உணர்ந்து அதற்கு முன்பே இடம் மாறிவிடுவது எனக்குத் தெருவில் கிடைத்த ஆஸ்தி.

பந்தயம் என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை எனக்குச் சொன்னவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்று வந்த பெரியப்பா முறையான ஒருவர். புதுவையில் இத்தகைய சொல்தாக்கள் பலர் இருந்தனர். 1954இல் ஆட்சி கைமாறி, 1962இல் அது சட்டப்படி முடிவான பிறகும், பிரான்சோடு அவர்களுக்கிருந்த பந்தம் அறுபடவில்லை. 1953 முதல் 1955 வரை தொடர்ந்து மூன்று முறை டூர் டி பிரான்சை வென்ற லூயிசோன் போபேயைப் பற்றியும், அதன் பிறகு வந்த பெல்ஜியத்து எடி மெர்க்ஸைப் பற்றியும், நம் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் பேசுவார். மெர்க்ஸின் விசேஷம் டூரை ஐந்து முறை வென்றதில் மட்டும் அடங்கிவிடவில்லை. ஒருநாள் பந்தயங்களில் மிலான்–சான் ரெமோவை ஏழு முறை வென்றவர். 1972இல் மெக்சிகோ நகரத்து வட்டக் களத்தில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை நிலைநாட்டியவர். குளிர்காலத்தில் சாலை ஓய்ந்தபோது ஆறுநாள் பந்தயங்களுக்குள் புகுந்து அவற்றிலும் வென்றவர். ஒரே மனிதர் இத்தனையும் செய்தார் என்ற செய்தி, வாடகைச் சைக்கிள் கடையில் எண்ணெய்க் கையோடு நின்ற ஒரு சிறுவனுக்கு எவ்வளவு பெரிய அனுக்கிரகம் என்பதை அந்தப் பெரியவர் அறிந்திருக்க மாட்டார்.

எனக்கு நேரில் வாய்த்த குரு வேறொருவர்.

ஊர் ஊராகச் சென்று, திடலின் நடுவே கம்பம் நட்டு, ஒலிபெருக்கி கட்டி, சைக்கிளை விட்டு இறங்காமல் நாள் கணக்கில் சுற்றிவரும் சைக்கிள் வீரர்களை என் வயதினர் யாவரும் பார்த்திருப்பார்கள். சைக்கிளில் இருந்தபடியே குளிப்பதும், உண்பதும், உடை மாற்றுவதும், இரவில் கூட்டம் சேர்ந்ததும் குழல்விளக்கை மார்பில் உடைத்துக்கொள்வதும், கடைசி நாளில் ஊர்ப் பெரியவர் மாலை போட்டு இறக்கிவிடுவதும் அந்தக் காட்சியின் அங்கங்கள். அப்படி ஒருவர் எங்கள் பக்கம் வந்தபோது, அவருடைய வண்டிக்குக் கோட்டம் எடுத்துக் கொடுக்கப் போன நான், அவரோடு சில காலம் ஊர் சுற்றினேன். ஓட்டத்தைவிட நிற்பதில் அவருக்கு இருந்த தேர்ச்சி என்னைப் பிரமிக்க வைத்தது. முன் சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பி, பெடல்களைச் சமமட்டத்தில் நிறுத்தி, மூச்சை அடக்கி, அசையாத வண்டியில் அசையாமல் அமர்ந்திருப்பார். "ஓடுற வண்டியில எவனும் குந்துவான் தம்பி, நிக்கிற வண்டியில குந்துறவன்தான் சைக்கிள்காரன்" என்பார். "விழுந்துட்டா அண்ணே?" என்று கேட்டால், "கண்ண மண்ணுல வெச்சாத்தான் விழுவ" என்று பதில் வரும்.

அவர் சொல்லித் தந்த அந்த வித்தை வட்டக் களத்து ஸ்பிரிண்ட் பந்தயத்தின் உயிர்நாடி என்பது எனக்கோ அவருக்கோ அப்போது தெரியாது. அந்தப் பந்தயத்தில் இருவர் மட்டுமே மோதுவர். முன்னால் போகிறவன் காற்றைத் தாங்குகிறான், பின்னால் வருகிறவன் அவன் நிழலில் பலத்தைச் சேமித்துக் கடைசியில் பாய்கிறான். ஆகவே எதிராளியை முன்னால் தள்ளும் உபாயமாக, இருவருமே களத்தில் அசையாமல் நின்றுவிடுவதுண்டு. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் பெத்தனெல்லாவும் பிரான்சின் திரந்தேனும் அவ்விதம் ஏறத்தாழ 22 நிமிடம் நின்றார்கள். இன்றைய விதி 30 நொடிக்கு மேல் நிற்க இடம் கொடுப்பதில்லை. நாள் கணக்கில் ஓட்டும் வழக்கமும் மேல்நாட்டில் இருந்ததுதான்: 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலும் நியூயார்க்கிலும் ஆறு நாள் விடாமல் ஒருவரே ஓட்டும் பந்தயங்கள் நடந்தன, அது மனித சரீரத்துக்கு ஆகாது என்று கண்டு, ஒருவர் நாளொன்றுக்கு 12 மணிக்கு மேல் ஓட்டக் கூடாதென்று நியூயார்க்கில் சட்டம் வந்த பிறகு, இருவர் மாறி மாறி ஓட்டும் முறை மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தோன்றி, பிற்பாடு ஒலிம்பிக் வரை சென்றது. அங்கே அது விளையாட்டாக வளர்ந்து கௌரவம் பெற்றது. இங்கே அதே சகிப்புத்தன்மையும் அதே சமநிலையும் உடையவர் துண்டேந்திச் சில்லறை வாங்க வேண்டியிருந்தது. அவரை வித்தைக்காரர் என்று மட்டும் சொல்லி ஒதுக்கியவர்களோடு நான் இன்றுவரை உடன்பட்டதில்லை. அவர் முதல்தரமான விளையாட்டு வீரர்.

பிறகு மாவட்டப் பந்தயங்களும் மாநிலப் பந்தயங்களும் வந்தன. முதலில் சாதாரணச் சைக்கிளில், மட்கார்டையும் கேரியரையும் கழற்றிவிட்டு ஓடினேன். அம்பத்தூரில் 1949இல் தொடங்கப்பட்ட தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெர்குலிஸ் வண்டிதான் எங்களில் பலருக்குப் பந்தயக் குதிரை. இன்றைய பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று சர்வதேசச் சங்கம் விதி வைத்திருக்கிறது. எங்கள் வண்டிகளுக்கு அத்தகைய விதி தேவைப்பட்டதில்லை. இருக்கையின் உயரம் ஒன்றைக் கண்டுகொண்டதுதான் அந்தக் காலத்தின் பெரிய லாபம். மீன் வண்டியில் கால் தரையில் ஊன்ற வேண்டியிருப்பதால் சீட்டைத் தாழ்த்தியே வைப்போம். அந்த உயரத்தில் நெடுந்தூரம் வேகமாக மிதித்தால் முட்டி வலி நிச்சயம். குதிகாலைப் பெடலில் வைத்துக் காலை நீட்டினால் முட்டி நேராக நிற்க வேண்டும். அதுவே சரியான அளவு. இந்தச் சிறிய விஷயம் தெரியாமல் முட்டியைக் கெடுத்துக்கொண்டு சைக்கிளை விட்டவர்கள் அநேகர்.

வட்டக் களத்தில் முதல் முறை இறங்கியபோது பயமே மிஞ்சியது. பிரேக் இல்லை, ஃப்ரீவீலும் இல்லை, சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றியாக வேண்டும். 1982 ஆசிய விளையாட்டுகளுக்காகத் தில்லியில் அமைந்தது சிமெண்டுக் களம். 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காக அங்கேயே இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தில் அமைந்தது கூரையின் கீழ் 250 மீட்டர் மரக் களம். மரக் களத்தின் வளைவுகள் சுவர்போல் எழுந்து நிற்கும். அங்கே வேகம் குறைந்தால் வண்டி சறுக்கிக் கீழே வரும். நிதானம் என்றால் மெல்லப் போவது என்று எண்ணியிருந்தவனுக்கு, வேகமே நிதானமாகும் இடம் ஒன்று உண்டென்று அந்தச் சரிவு கற்பித்தது. காலை இடைவிடாமல் வட்டமாகச் சுழற்றும் அந்தப் பழக்கம் சாலைக்குத் திரும்பியதும் என் மிதியைச் சீராக்கியது. சாலையில் பழகிய மூச்சோ களத்தின் நீண்ட பந்தயங்களில் உதவியது.

மலை இல்லாத புதுவைக்காரன் ஏற்றம் பழக வேண்டுமானால் மேற்கே போக வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகளுள்ள கொல்லிமலைச் சாலை எங்களுக்கெல்லாம் பரீட்சைக் கூடம். செம்மண் தடங்களோ பக்கத்திலேயே உண்டு. ஆரோவில் சுற்றுப்புறத்தில் மழைநீர் அறுத்த ஓடைகளின் ஓரமாக, வேர்களுக்கும் கற்களுக்கும் இடையே ஓட்டுவது ஒரு தனிப் படிப்பு. அங்கே டயரில் காற்றைக் குறைத்து, உடம்பைச் சீட்டை விட்டு எழுப்பி, கண்ணைத் தடைக்கு அப்பால் செலுத்த வேண்டும். கண்ணை மண்ணில் வைக்காதே என்ற அந்த வித்தைக்காரரின் வாக்கு அங்கே எனக்கு இரண்டாம் முறை பலித்தது.

இவ்விதம் பல துறைகளிலும் ஓட்டும் வழியில் உலகத்தில் மிக உயர்ந்த சிகரம் எதுவென்று கேட்டால், இரு பெண்களின் பெயரைச் சொல்வேன். நெதர்லாந்தின் மரியான் வோஸ் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட்டக் களத்தில் தங்கம் வென்றவர். 2012 லண்டனில் சாலைப் பந்தயத்தில் தங்கம் வென்றவர். சைக்ளோகிராஸில் எட்டு முறை உலக சாம்பியன். பிரான்சின் போலீன் ஃபெரான்-பிரேவோ, 2014இல் சாலையிலும், 2015 தொடக்கத்தில் சைக்ளோகிராஸிலும், அதே ஆண்டு மலைச் சைக்கிளிலும் உலகப் பட்டம் பெற்று, மூன்று துறைகளின் பட்டங்களையும் ஒரே காலத்தில் சூடியிருந்தவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிளில் தங்கம் பெற்றுச் சாலைக்குத் திரும்பிய அவர், 2025இல் கருங்கல் பாவிய பாரிஸ்–ரூபே பந்தயத்தையும், அடுத்து மகளிர் டூர் டி பிரான்சையும் வென்றார். அந்த டூரின் முதல் நாளை வென்று மஞ்சள் சட்டை அணிந்தவர், அதே அணியைச் சேர்ந்த, 38 வயதான வோஸ். இவர்கள் பல துறைகளில் கைவைத்ததனால் எதிலும் முழுமை பெறாதவர்கள் என்று எவராலும் சொல்ல முடியுமா?

நம் நாட்டிலும் முன்னோடிகள் இருந்தனர். 1938இல் சிட்னியில் நடந்த பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டுகளில் கலந்துகொண்ட ஜானகி தாஸ், பிற்காலத்தில் இந்தித் திரைப்பட நடிகராகவும் விளங்கியவர். ஆனால் சைக்கிளை மட்டும் நம்பி வாழ்வது இங்கே எளிதன்று. இரயில்வேயிலோ இராணுவத்திலோ காவல் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தவன் பிழைத்தான். எனக்கு அது வாய்க்கவில்லை. ஆகவே ஸ்பேனரே எனக்குச் சம்பளம் கொடுத்தது. அதில் எனக்குக் குறையில்லை. கம்பியைச் சுண்டி எழும் ஓசையைக் கொண்டே ரிம்மின் கோட்டத்தைக் கண்டுபிடிக்கிறவனுக்குப் பந்தயத்தின் நடுவே வண்டி என்ன சொல்கிறது என்பது கேட்கும். உப்புக் காற்றில் ஓரிரவுக்குள் துரு ஏறும் செயினை அன்றன்றே துடைத்து எண்ணெய் இடும் எங்கள் கரை வழக்கத்தை, பெருநகரங்களிலிருந்து விலையுயர்ந்த வண்டியோடு வருகிறவர்களுக்கு இப்போதும் சொல்லிக் கொடுக்கிறேன்.

வயது ஏறிய பின் வேகம் குறைந்தது, தூரம் கைகொடுத்தது. பிரெவே எனப்படும் நெடும்பயணங்களில் முதலிடம், இரண்டாமிடம் என்பது இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணிக்குள்ளும் பிறர் துணையின்றி முடித்து, வழிச்சாவடிகளில் அட்டையில் முத்திரை பெற்றால் போதும். 1891இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இவற்றுக்கெல்லாம் தாய். 1200 கிலோமீட்டர், 90 மணி நேரம், நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து நள்ளிரவில் தனியே மிதிக்கும்போது, தூக்கத்தோடு போராடும் முறையைத் திடலில் சுற்றிய அந்த அண்ணனிடமும், வாழைப்பழமும் நீராகாரமும் எப்பொழுது எடுக்க வேண்டும் என்பதைத் தகப்பனாரிடமும் கற்றிருந்ததால், என்னைவிட இளையவர்கள் சோர்ந்து உட்கார்ந்த இடங்களை நான் கடந்து போக முடிந்தது.

இவ்வளவும் சொல்ல வந்தது ஒரு கவலையினால்தான். சைக்கிளில் சற்றே துடியாக இருக்கும் ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு பதின்மூன்று வயதிலேயே, இவன் வட்டக் களத்துக்கு, இவள் சாலைக்கு என்று பிரித்து, அந்த ஒரு துறையின் அப்பியாசத்தை மட்டும் வருஷம் முழுவதும் செய்விக்கும் வழக்கம் பரவி வருகிறது. சீக்கிரம் பதக்கம் வேண்டும் என்ற ஆசை அதற்குக் காரணம். எலும்பு முதிராத வயதில் ஒரே வகையான பாரத்தை ஒரே மூட்டில் ஏற்றுவது கெடுதல் என்பதோடு, அந்தப் பிள்ளைக்கு வேறு எதில் நாட்டம் இருக்கிறது என்பதை அறியும் வாய்ப்பையே அது அடைத்துவிடுகிறது. கடலோரப் பிள்ளைகளுக்குப் பந்தயச் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 2004 ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய அந்தமான்-நிக்கோபார்ச் சிறுமி டெபோரா ஹெரால்டு நாட்டின் முன்னணி வட்டக் கள வீராங்கனையாக உயர்ந்தார், அதே தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018இல் இளையோர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார், 2019இல் ஜெர்மனியில் அவரும் ரொனால்டோ சிங்கும் இடம்பெற்ற இந்திய இளையோர் அணி உலகத் தங்கத்தையே கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் நடக்கும் மாணவர் சைக்கிள் போட்டிகள் கியர் இல்லாத சாதாரண வண்டியில் நடப்பதை நான் மிகவும் மெச்சுகிறேன். ஏழைப் பிள்ளை தோற்பதற்கு வண்டியின் விலை காரணமாகாத பந்தயம் அது. புதுவைப் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோளும் அவ்வளவே. பதினெட்டு வயது வரை பிள்ளையை ஒரே துறையில் அடைக்காதீர்கள். மணலில் தள்ளட்டும், செம்மண்ணில் விழுந்து எழட்டும், மெல்ல ஓட்டும் போட்டியிலும் நிற்கப் பழகட்டும். எங்கள் கடற்கரைச் சாலை காலை ஏழரை மணி வரை மோட்டார் வாகனங்களுக்கு மூடியிருக்கிறது. அதற்கு முன் எந்தச் சைக்கிளோடு வந்தாலும் சரி, சீட்டின் உயரத்தைச் சரிபார்த்துக் கொடுக்க நான் அங்கே இருப்பேன்.